நெல்டாவின் தலைசுற்றல்

சனிக்கிழமை மகள் வருகிறாள், வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போக. அவள் அப்படிச் சொல்லவில்லை. "நேர்ல பேசணும்ப்பா" என்றுதான் சொன்னாள். ஹூஸ்டனிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து நேரில் பேசுகிற மகள் எதைப் பேசுவாள் என்பது எங்கள் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும்.

வெல்டன் ஹார்ட்விக்குக்கு வயது எழுபத்தாறு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, சர்ச் முடிந்ததும் மகள் லானெட் போன் செய்வாள். வாரத்தில் அவருக்கு வருகிற போன் அது ஒன்றுதான். மழை இல்லை என்பதையும், பக்கத்துப் பண்ணையை யாரோ டாலஸ்காரன் வாங்கிவிட்டான் என்பதையும் சொல்லி முடித்துவிட்டார். அவள் "சரிப்பா..." என்று இழுக்கத் தொடங்கினாள். வைத்துவிடப் போகிறாளே என்கிற பதற்றத்தில், "காலைல எந்திரிச்சா லேசா தலை சுத்துது" என்று உளறினார்.

"எப்படிச் சுத்துது?"

"ரூமே இடது பக்கமா சாயற மாதிரி."

"அம்மாவும் இதையேதான்ப்பா சொன்னாங்க" என்றாள் லானெட்.

அன்றைக்குப் பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. ஆசைப்பட்டது கிடைத்தது. கூடவே இந்தச் சனிக்கிழமையும் வந்து சேர்ந்தது.

அவர் வீடு கிராமத்துச் சாலையில், ஊரிலிருந்து பதினோரு மைல் தள்ளி இருக்கிறது. பஸ் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். பாலுக்கும் வண்டி, மருந்துக்கும் வண்டி, மனிதர் முகம் பார்ப்பதற்கும் வண்டி. சாவியைக் கொடுத்தவர்கள் ஆறு மாதத்தில் வீட்டையும் விற்றுவிட்டு, ஏதோ ஒரு பெரிய ஊரில் சுவரெல்லாம் கைப்பிடி வைத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை.

மனைவி நெல்டா இறந்து பதினாலு மாதம் ஆகிறது. துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவது எங்கள் வழக்கம். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி அதில் பேர் எழுதியிருப்பார்கள், பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று. ஆறு வாரம் கோழியும் நூடுல்ஸும் சீஸ் போட்ட உருளைக்கிழங்குமாக வந்துகொண்டே இருந்தன. வெல்டன் ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவித் திருப்பிக் கொடுத்தார். பாத்திரம் போன வீட்டிலிருந்து ஆள் வருவதும் அத்தோடு நின்றது. கடைசிப் பாத்திரத்தை, பெர்லி ஷூமாக்கர் என்று பேர் போட்டதை, வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். கேட்டு வரட்டும், வந்தால் காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தார். பெர்லி இன்றுவரை வரவில்லை. அவளிடம் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை போலிருக்கிறது.

வீட்டில் குளியலறை இரண்டு. கூடத்தை ஒட்டியது அவருடையது. படுக்கையறைக்குள் இருப்பது நெல்டாவுடையது. நாற்பது வருடத்தில், ஏதாவது பழுதுபார்க்கப் போனதைத் தவிர, இருவரும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. அவள் போனபின் ஒரு வருடம் அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். இந்த ஜூனில்தான் திறந்தார். அவளுடைய பவுடர் டப்பா கம்மோடின் டேங்க் மூடிமேல் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கேதான் போகிறார். துக்கம் கொண்டாடுகிற இடமா அது என்று நீங்கள் சிரிக்கலாம். அங்கே உட்கார்ந்தால் அவள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி அவருக்கு இருந்தது.

தலைசுற்றல் ஆரம்பித்ததும் அந்த ஜூனில்தான். உட்கார்ந்தால் அறை இடப்பக்கம் சாயும். எழுந்தால் நிமிரும். ஒரு வாரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தபின் சமையலறையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், வாசலிலும் தூணைப் பிடித்தார். கம்மோடு ஆடுமோ என்று மட்டும் ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதை இறுக்கி வைத்தது அவரே அல்லவா. தன் கை வேலையைச் சந்தேகிப்பதைவிடத் தன் தலையைச் சந்தேகிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் எழும்போது முதுகுக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

கதவு நிலையைப் பிடித்தபடி நின்று யோசித்தார். தலை சுற்றினால் சத்தம் வராதே. பிடியை விடாமல் ஒரு காலை நீட்டி, கம்மோடின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். டேங்க் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது, டக். காலை எடுத்தார், திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி டக். பவுடர் டப்பா மூடிமேல் நகர்ந்தது.

வெல்டன் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு ஒண்ணுமில்ல! எனக்கு ஒண்ணுமே இல்லடா!" என்று காலி வீட்டைப் பார்த்துக் கத்தினார். இரண்டு மாதமாகப் பிடித்துப் பிடித்து நடந்த கூடத்தை இப்போது கையை வீசிக்கொண்டு கடந்தார். கால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். வழியில் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்கி மரியாதை செய்தார், டாலஸ்காரனுக்கும்கூட.

இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற ஆர்வில் அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன்.

"என்னய்யா, கல்யாண மாப்பிள்ள மாதிரி வர்ற?"

"கம்மோடு ஆடுது."

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" ஆர்வில் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "கம்மோடு ஆடுதா, இல்ல நீ ஆடுறியா?"

வெல்டன் பெரிதாகச் சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் ஏதோ ஒன்று இடறி நின்றது. அந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"போல்ட்ட எவன் முறுக்குனான்? நீதான?" ஆர்வில் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே பேசினார். "குழாய் தரைய விட்டு வெளிய வர்ற எடத்துல சுத்தி ஒரு வளையம் இருக்கும். அதுலதான் கம்மோடு நிக்குது. அதுல போல்ட் மாட்டுற காது உடைஞ்சிருக்கும், வேற ஒண்ணுமிருக்காது. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இதே வியாதி. கையால இறுக்கு, அதுக்கு மேல கால் சுத்து, போதும்னு சொன்னா எவனாவது கேக்கறானா? அது பிளாஸ்டிக்யா. டிராக்டர் சக்கரமில்ல."

"சரி சரி, சாமானக் குடு."

"பலகைத் தரையா இருந்தா ஆணியடிச்சிட்டுப் போயிடலாம். உன்னுது காங்கிரீட். பழைய வளையத்து மேல இந்த இரும்பு வளையத்த வச்சு, நாலு ஓட்டை போட்டு, காங்கிரீட் ஸ்க்ரூவால பிடி. ஓட்டைல தூசி இருக்கக் கூடாது, உறிஞ்சி எடுத்துடு. இது ஒழுகாம இருக்க மெழுகு வளையம், புதுசு. அப்புறம் சிலிகான சுத்தி முழுசா பூசித் தொலைக்காத. முன்னாடி பூசு, ரெண்டு பக்கமும் பூசு, பின்னாடி விட்டுடு."

"ஏன்?"

"ஒழுகுனா தெரிய வேணாமா?"

சாமானைப் பையில் போட்டுவிட்டு ஆர்வில் குரலைத் தணித்தார். "வியாழக்கிழம டாமினோவுக்கு வாயேன்யா. நாலு பேர் ஆடுற மேசைல மூணு பேரா உக்காந்து மொறச்சிக்கிட்டிருக்கோம். நெல்டா வர்றத நிறுத்துனதுலருந்தே அந்த நாற்காலி காலியாத்தான் கெடக்கு."

"பாக்கலாம்" என்றார் வெல்டன்.

வீடு திரும்பித் தண்ணீரை மூடினார். டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தார். தோட்ட வேலைக்கு நெல்டா மண்டியிடுகிற மெத்தையைப் போட்டு அதில் முட்டியை ஊன்றினார். கம்மோடைச் சுற்றி விரல் கனத்துக்கு சிலிகான் பூசியிருந்தது, முன்னும் பின்னும் ஓர் இடம் விடாமல். கத்தியால் அறுத்தார். நட்டு துருப்பிடித்து அசையாததால் ஆக்சா பிளேடு போட்டு போல்ட்டையே அறுத்தார். கம்மோடைக் கட்டிப்பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கி, அவளுடைய குளியல் தொட்டிக்குள் பழைய துண்டுகளின் மேல் சாய்த்தார். தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் இருக்கவேண்டிய வேலை. அந்த ஆள் இல்லாத வேலையெல்லாம் இப்போது பழகிவிட்டது.

குழாய்க்குள் கந்தலை அடைத்துவிட்டுப் பழைய மெழுகைச் சுரண்டினார். ஆர்வில் சொன்னது சரிதான். வளையத்தின் இடப்பக்கத்துக் காது உடைந்து தனியே கிடந்தது. உடைந்த இடம் புதிது அல்ல. பழுப்பேறி, வழவழத்துப் போயிருந்தது. அதைச் சுற்றிக் காங்கிரீட்டில் வட்டம் வட்டமாகக் கறை, ஒவ்வொரு வருடமாக ஊறிய கறை.

அந்தத் துண்டைக் கையில் எடுத்ததும்தான், முன்பு ஒரு முறை கேட்ட சத்தம் ஞாபகம் வந்தது.

நாலு வருடத்துக்கு முன் நவம்பர் மாதம். நன்றித் திருநாள் விருந்துக்கு லானெட் குடும்பத்தோடு வருகிறாள் என்று வீடு ஒழுங்காகிக்கொண்டிருந்தது. "இங்க பாருங்க வெல்டன், என் பாத்ரூம்ல இது ஆடுது" என்றாள் நெல்டா. பிளம்பரைக் கூப்பிடலாமா என்றும் கேட்டாள். எங்கள் பக்கத்து ஆணிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. வெல்டன் ஸ்பேனரோடு போனார். ஸ்பேனரின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, டிராக்டர் நட்டை இறுக்குகிற மாதிரி இறுக்கினார். அடியில் எங்கோ 'டொக்' என்றது. டைல்ஸ் உட்கார்ந்த சத்தம் என்று சொல்லிக்கொண்டார். இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு டியூப் சிலிகானைச் சுற்றிலும் பூசினார். அது காய்ந்ததும் கம்மோடு ஆடவில்லை.

பிப்ரவரியில் நெல்டா மறுபடி சொன்னாள். "உக்காந்தா ஒரு பக்கமா சாயுது."

"நான் சரி பண்ணியாச்சு. அது ஆடல. நீதான் ஆடுற."

ஆர்வில் கடையில் இடறிய வார்த்தை இதுதான்.

அவர் ஒரு முறை போய் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒரு கையை வைத்துத் தள்ளிப் பார்க்கவில்லை. அவள் சொன்னபோதெல்லாம் இதையே சொன்னார், சில நாள் வேடிக்கையாக, சில நாள் எரிச்சலாக. ஒரு கட்டத்தில் அவள் நம்பிவிட்டாள். நம்பியபின் எல்லா இடத்திலும் சுவரைப் பிடித்தாள். டாக்டர் கேட்டார், "எல்லா இடத்துலயும் சுத்துதா, இல்ல ஏதாவது ஒரு இடத்துலயா?" நெல்டா கொஞ்சம் யோசித்து, "முதல்ல பாத்ரூம்லதான் டாக்டர்" என்றாள். டாக்டர் திரும்பி வெல்டனைப் பார்த்தார். வெல்டன் சிரித்தார். "அது கல்லு மாதிரி இருக்கு டாக்டர். நானே இறுக்கினது."

டாக்டர் காதுக்குள் ஏதோ கோளாறு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த வசந்தத்தில் லானெட் வந்து அம்மாவிடம் கார்ச்சாவியைக் கேட்டாள். நெல்டா, புள்ளி வைத்த வெள்ளை டாமினோக் கட்டை தொங்கும் சாவிக்கொத்தை மகள் கையில் வைத்தாள். வியாழக்கிழமை டாமினோ ஆட்டத்துக்கு வெல்டன் இரண்டு வாரம் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் வைக்கோல் கட்டுகிற வேலை இருந்தது. நாலாவது வாரம் அவள் கேட்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் கணையத்தில் புற்றுநோய் வந்தது, நாலு மாதத்தில் கொண்டுபோனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டது நோய் இல்லை.

காலையில் கத்திய சந்தோஷத்தை நினைக்க இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. தனக்கு ஒன்றுமில்லை என்றால் அவளுக்கும் ஒன்றுமில்லை. வெல்டன் ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே அழுதார். பதினாலு மாதமாக அவர் இப்படி அழவில்லை.

புதன்கிழமை அந்த அறைப் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை டாமினோவுக்கும் போகவில்லை. அந்த நாற்காலியில் போய் எப்படி உட்காருவது?

வெள்ளிக்கிழமை காலையில் டிரில்லை எடுத்தார். இரும்பு வளையத்தைப் பொருத்தி, நாலு புள்ளி வைத்து, காங்கிரீட்டைத் துளைத்தார். வீடு முழுக்க அதிர்ந்தது. தூசியை உறிஞ்சி எடுத்து ஸ்க்ரூவை இறக்கினார். துளைக்கும்போதெல்லாம் சனிக்கிழமைக்குச் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தார். ரொம்பச் சுலபமான பொய். கம்மோடு ஜூனில் உடைந்தது, அதனால்தான் எனக்கு ஆடியது. அவ்வளவுதான். சாவி தப்பும், வீடு தப்பும், லானெட்டும் நிம்மதியாகத் திரும்பிப் போவாள். செத்தவளுக்கு இனிமேல் என்ன?

கம்மோடைத் திரும்ப இறக்குவதுதான் கஷ்டம். தூக்கிப் பிடித்தால் கீழே நிற்கும் போல்ட்டு கண்ணுக்குத் தெரியாது. சமையலறை இழுப்பறையில் நெல்டா கடைசி மாதங்களில் கஞ்சி குடித்த வளையும் ஸ்ட்ராக்கள் ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தன. ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு ஸ்ட்ராவைச் செருகினார். கந்தலை உருவிவிட்டு, மெழுகு வளையத்தை வைத்து, கம்மோடைத் தூக்கினார். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு ஸ்ட்ராவும் ஓட்டைகள் வழியே எட்டிப் பார்த்தன. கையால் இறுக்கி, மேலே கால் சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினார். கை இன்னும் கொஞ்சம் முறுக்கத் துடித்தது. ஸ்பேனரைத் தூர வைத்தார். முன்னாலும் இரு பக்கமும் சிலிகான் பூசினார். பின்பக்கத்தைத் திறந்தே விட்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு லானெட் வந்தாள். ஒரு பெட்டி நிறையச் சாப்பாடும், அதைவிடக் கனமான முகமுமாக வந்தாள். ஞாயிறு வரை இருப்பதாகச் சொல்லிப் பையை உள்ளே வைத்தாள். சமையலறை மேசையில் ஒரு காகிதத்தின்மேல் உடைந்த துண்டு இருந்தது.

"என்னப்பா இது?"

"என் தலைசுத்தல்."

விஷயத்தைச் சொன்னார். லானெட் சந்தேகமாகக் கம்மோடில் போய் உட்கார்ந்து, முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "அசையவே மாட்டேங்குது! அய்யோ அப்பா, வழி முழுக்க எப்படிப் பேசறதுன்னு தெரியாம அழுதுகிட்டே வந்தேன். சாவியக் கேக்கணுமேன்னு." அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். எத்தனை நாள் ஆயிற்று ஒரு மனிதக் கை அவர் மேல் பட்டு.

பிறகு மேசையில் உட்கார்ந்து, அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சும்மா கேட்டாள்: "எப்பப்பா உடைஞ்சுது?"

ஜூன் என்பது ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கின் நுனியில் இருந்தது.

"நாலு வருஷம் ஆச்சு" என்றார் வெல்டன். "நன்றித் திருநாளுக்கு முந்தின வாரம். நான்தான் உடைச்சேன்."

லானெட்டின் முகத்தில் கணக்கு ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நவம்பர், பிப்ரவரி, டாக்டர், சாவி.

"அப்போ அம்மாவுக்கு..."

"ஒண்ணுமில்ல. அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் கேக்கல."

"நான் சாவிய வாங்கினேனேப்பா."

"உன்ன வாங்க வச்சது நான்."

"அன்னைக்குக் கார்ல ஏறிக் கண்ணாடில பாத்தேன். அம்மா வாசல்ல நின்னு அழுதாங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும். "அம்மாவுக்கு நல்லதத்தான் செஞ்சேன்னு இத்தன வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

கைப்பையிலிருந்து தன் சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் வெள்ளை டாமினோக் கட்டை தொங்கியது. அம்மாவின் காரை விற்றபின்னும் அதை அவள் கூடவே வைத்திருந்திருக்கிறாள். நகம் மடங்க மடங்க அந்தக் கட்டையை வளையத்திலிருந்து பிரித்து, உடைந்த துண்டின் பக்கத்தில் வைத்தாள். வெல்டனின் சாவியை அவள் கேட்கவில்லை. அதைப் பார்க்கக்கூட இல்லை.

மூன்று மணிக்குப் பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள். சாப்பாட்டை மட்டும் ஒழுங்காக ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்திருந்தாள்.

"நாளைக்குப் போன் பண்ணுவல்ல?" என்று வாசலில் கேட்டார் வெல்டன்.

"பாக்கலாம்ப்பா."

கார் சாலை திரும்பி மறையும்வரை நெல்டா நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போகவில்லை, போன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று. ஒரு மணி ஆனது. ஒன்றே கால் ஆனது. வண்டிச் சாவி மேசையில் இருந்தது, இனி யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆர்வில் வீட்டுக்குப் போகலாம், பெர்லியின் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். போகத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு நெல்டாவின் குளியலறைக்குப் போய், மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். ஒரே ஒரு தடவை ஆடினால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

"நீ ஆடலம்மா" என்றார். "இதுதான் ஆடுச்சு."

டேங்க் சுவரில் இடிக்கவில்லை. கூடத்தில் போனும் அடிக்கவில்லை.